பழைய நீரைப் பழித்தல் ஆகாது

கோடையில் நீர்மட்டம் இறங்கியதும் ஆள்விட்டுக் கிணற்றை இறைப்பித்து, அடியிற் படிந்த சேற்றை வாரி எறிந்து, புதிய ஊற்று நீர் சுரக்கக் கண்டு மகிழ்ந்த குடும்பங்களிற் பிறந்தவர்கள் நாம். தேங்கிய நீர் தீது, புதுநீர் நன்று என்பது நமக்குப் பாலொடு புகட்டப்பட்ட பாடம். அந்தப் பாடமே கடல் கடந்து சென்று ஒரு வீட்டைக் குளிர வைத்த கதையை இவ்வாரம் கூற விழைகின்றேன். பிள்ளைகளையோ பெற்றோரையோ குளிர்நாடுகளுக்கு அனுப்பிவிட்டுக் கடிதத்துக்குக் காத்திருக்கும் நேயர்கள் பலர் இருப்பதால், இஃது அவர்களுக்கும் பயன்படக்கூடும்.

என் தமக்கையார் இலண்டன் நகர்ப்புறத்திலே தம் மகனோடு வாழ்ந்து வருகின்றார். வயது எழுபத்தாறு. சென்ற மார்கழியில் அவரைக் காணச் சென்றிருந்தேன். கம்பளிச் சட்டை இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்து, போர்வையும் போர்த்து, கட்டிலில் ஒடுங்கியிருந்தார். சன்னலின் கீழே, சுவரோடு சுவராக, ரேடியேற்றர் என்னும் தட்டையான உருக்குப் பெட்டி பொருத்தப்பட்டிருந்தது.

“தம்பி, இதுக்குத் தலை சுடுகுது, கால் குளிருது. எனக்கெண்டால் ரெண்டும் குளிருது” என்றார்.

தொட்டுப் பார்த்தேன். மேல்விளிம்பிற் கைவைக்க இயலவில்லை. கீழ்ப்பாகத்தின் நடுவிடமோ சுவரைப் போலவே குளிர்ந்து கிடந்தது. முதியோர் இருக்கும் அறை 18 பாகை செல்சியசுக்குக் குறையாது இருத்தல் வேண்டும் என்று அந்நாட்டு வைத்தியத் துறையினர் அறிவுறுத்துவர். மேசையிலிருந்த வெப்பமானி 14 பாகை காட்டிற்று. குளிர்ந்த அறை மூத்தோர்க்கு வெறும் அசௌகரியம் அன்று. குருதியமுக்கத்தை உயர்த்தும், நெஞ்சிற் சளியை வளர்க்கும்.

மறுநாட் காலையில் மருமகன் எழுந்ததும் முதலிற் செய்த காரியம் சமையலறை மூலையிலிருந்த பொய்லரின் கீழே குனிந்து ஒரு சிறு குழாயைத் திறந்ததேயாம். அமுக்கமானியின் முள் மெல்ல ஏறி 1.5 என்ற இடத்துக்கு வந்ததும் மூடினார். “ஒவ்வொரு நாளும் இறங்குது மாமா. புதுத் தண்ணி விடுறது நல்லதுதானே? பழைய தண்ணி நிண்டால் நாறும் எண்டு அம்மாவும் சொன்னவ” என்றார். பொல்லாத வேலை அங்கேதான் நடந்துகொண்டிருந்தது என்பது எனக்கும் அப்பொழுது தெரியாது.

இவ்வமைப்பைச் சிறிது விளக்குதல் நலம். பிரித்தானியாவில் 1970ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு வீடுகளிலேயே மைய வெப்பமூட்டல் இருந்தது. இன்று பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்ட வீடுகளில் உண்டு. பெரும்பாலானவற்றில் வெப்பத்தைச் சுமந்து செல்வது நீர். எரிவாயுப் பொய்லரிற் சூடேறிய நீரை ஒரு சிறு பம்பி செப்புக் குழாய்களின் வழியே தள்ள, அஃது அறைதோறும் உள்ள ரேடியேற்றர்களிற் புகுந்து, வெப்பத்தை இறக்கிவிட்டுப் பொய்லருக்கே மீளும். நடுத்தர வீடொன்றில் ஏறத்தாழ 100 லீற்றர் நீர் இவ்வாறு சுற்றிக்கொண்டிருக்கும். குடிக்கவும் குளிக்கவும் வரும் நீர் வேறு, இந்த நீர் வேறு, இரண்டும் கலப்பதில்லை. ஒருமுறை நிரப்பிய நீரே ஆண்டாண்டாக உள்ளே உழலும்.

ரேடியேற்றரோ மெல்லிய உருக்குத் தகடு. உருக்கும் நீரும் வெப்பமும் ஓரிடத்திற் கூடினால் துரு ஏறாதோ என்று மாணவ நேயர் கேட்பர். அவர்கள் தங்கள் பாடசாலைப் பரிசோதனையை நினைவுகூர்தல் வேண்டும். மூன்று சோதனைக் குழாய்களில் மூன்று ஆணிகளை இடுவோம். ஒன்றிற் சாதாரண நீர். இன்னொன்றில் நீரின்றி, கல்சியங் குளோரைட்டால் உலர்த்திய வளி. மற்றொன்றிற் கொதிக்கவைத்து வளி நீக்கிய நீர். அதன்மேல் எண்ணெய்ப் படலம். சில நாட்களின் பின்னர் முதற் குழாயின் ஆணி மட்டுமே துருப்பிடித்திருக்கும். எண்ணெயின் கீழே நீரிலேயே மூழ்கிக் கிடந்த ஆணி பளபளப்புக் குன்றாதிருக்கும். துருவுக்கு நீர் மட்டும் போதாது, ஒட்சிசனும் வேண்டும் என்று ஆசிரியர் கரும்பலகையில் எழுதுவார். நாம் கொப்பியில் எழுதிக்கொண்டு, பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுவோம்.

இலண்டன் வீட்டின் வெப்பக் குழாய்த் தொகுதி அந்த எண்ணெய் மூடிய சோதனைக் குழாயே அன்றி வேறன்று. புதிதாக நிரப்பிய நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 10 மில்லிகிராம் ஒட்சிசன் கரைந்திருக்கும். 100 லீற்றருக்கு ஒரு கிராம். இந்த ஒரு கிராம் இரண்டரைக் கிராமுக்குச் சற்று மேற்பட்ட இரும்பைத் தின்று, மூன்றரைக் கிராம் அளவான துருவை உண்டாக்கும். அவ்வளவுடன் ஒட்சிசன் தீர்ந்துபோகும். அரிப்பும் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆகவே இத்தொகுதியின் உள்ளே கிடக்கும் பழைய நீர், உயிர்ப்பு அடங்கிய நீர், நம் நண்பன். வெளியிலிருந்து வரும் புதுநீரே பகைவன். அதனினும் பெரும் பகைவன் வளி. ஒரு லீற்றர் வளியிலுள்ள ஒட்சிசன் ஏறத்தாழ 28 லீற்றர் புதுநீரில் உள்ளதற்குச் சமம்.

இங்கே உண்டாகும் துரு நாம் படலையிலும் வாளியிலும் காணும் செந்துரு அன்று. ஒட்சிசன் அருகிய சுடுநீரிலே இரும்பு மக்னரைற்று என்னும் கரிய ஒட்சைட்டாக மாறும். மையைப் போன்ற நிறம். மாவினும் நுண்ணிய துகள். ஆயினும் நீரினும் ஐந்து மடங்கு பாரம். ஓட்டம் விரைவாக உள்ள குழாய்களில் அஃது அடித்துச் செல்லப்படும். ஓட்டம் தளரும் இடத்திற் படியும். ரேடியேற்றரின் அடிநடு அத்தகைய இடம். படிந்த சேற்றின் மேலாகச் சுடுநீர் கடந்து செல்ல, தலை சுட்டுக் கால் குளிரும். தமக்கையார் கூறியதிலும் தெளிவான நோய்க்குறியை எந்தப் பொறியியலாளரும் கூறியிரார். மாறாகத் தலை குளிர்ந்து கால் சுட்டால் அது சேறு அன்று. உள்ளே வாயு திரண்டிருக்கின்றது எனக் கொள்க. அவ்வாயு எப்போதும் வெறும் வளியாகவே இருக்கும் என்று எண்ணிவிடவும் கூடாது. இரும்பு கரிய ஒட்சைட்டாக மாறும்போது ஐதரசனும் பிறக்கும். அது தீப்பற்றும் வாயு. ரேடியேற்றரின் மூலைத்திருகைத் திறந்து வாயுவை வெளியேற்றும்போது அருகில் மெழுகுதிரியோ சிகரெற்றோ இருத்தல் தகாது.

இனி மருமகனின் வீட்டுக்கு மீள்வோம். முன்னைய குளிர்காலத்திலேயே ஒரு பழுதுபார்ப்பவர் வந்திருக்கின்றார். பம்பி களைத்துவிட்டது என்று கூறி, புதிய பம்பி பொருத்தி, ஒரு நல்ல தொகையையும் பெற்றுச் சென்றிருக்கின்றார். இரண்டு மாதத்தில் அதுவும் முனகத் தொடங்கியது. காரணம் இப்போது புலனாகின்றது. அண்மைக் காலப் பம்பிகள், மின்சாரத்தைச் சிக்கனப்படுத்துவதற்காக, நிலையான காந்தம் கொண்ட சுழலியை உடையன. மக்னரைற்றோ காந்தத்தைக் கண்டால் விடாது. சேற்றை அகற்றாமற் காந்தப் பம்பியைப் பூட்டுவது எறும்புப் புற்றின்மேற் சர்க்கரைச் சாடியை வைப்பது போலாம். அம்மனிதரை நான் மிகவும் குறை கூறவில்லை. நோயைத் தேடாது நோவை மட்டும் பார்க்கும் வைத்தியர் எல்லாத் துறையிலும் உளர்.

நான் அங்கிருந்த வாரத்தில் வேறொருவர் வந்தார். முதலிற் பொய்லரைத் திறக்கவில்லை. ரேடியேற்றரின் அடியிலிருந்து ஒரு கண்ணாடிக் குவளையில் நீர் பிடித்தார். பேனா மை என்றே கூறலாம். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்த அலங்காரக் காந்தம் ஒன்றை எடுத்துக் குவளையின் வெளிப்புறத்தில் வைத்தார். கருமை முழுவதும் மெல்ல நகர்ந்து காந்தம் இருந்த பக்கத்திற் பூனைமயிர் போலப் படர்ந்து நின்றது. மறுபக்கம் நீர் தெளிந்தது. என் தமக்கையார் போர்வையுடன் எழுந்து வந்து பார்த்தார்.

அதன் பின்னர் அவர் வீட்டுக்கு வெளியே சென்று சுவரைச் சுற்றி வந்தார். பொய்லர் இருந்த இடத்துக்கு நேரே ஒரு செப்புக் குழாயின் வாய் சுவரைத் துளைத்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன் கீழே சுவரில் வெண்ணிறச் சுண்ணக் கோடு, நிலத்தில் ஈரம். “உங்கள் தண்ணீர் இங்கேதான் போகிறது” என்றார். மூன்று ஆண்டுகளாக அவ்வீட்டில் எவரும் அந்த மூலையை எட்டிப் பார்த்திலர்.

நடந்தது இதுதான். நீர் சூடேறினால் விரியும். 100 லீற்றர் நீர் குளிர்நிலையிலிருந்து வழக்கமான வெப்பநிலைக்கு ஏறும்போது ஏறத்தாழ 2 லீற்றர் மிகும். அந்த மிகுதிக்கு இடங்கொடுப்பதற்காகப் பொய்லரின் உள்ளே ஒரு விரிவுக் கலம் உண்டு. நடுவே இறப்பர்த் தோல், ஒரு புறம் நீர், மறுபுறம் அடைத்த வாயு. வாயு சுருங்கி நீருக்கு இடம்விடும். நீர் குளிர்ந்ததும் வாயு விரிந்து அதனை மீளத் தள்ளும். சைக்கிள் ரியூப்பிற் போல இதிலும் ஆண்டுகள் செல்லச் செல்ல வாயு குறையும். வாயு அற்றுப்போனால் விரியும் நீருக்கு இடமில்லை. குளிர்நிலையில் 1 முதல் 1.5 பார் வரை இருக்க வேண்டிய அமுக்கம், சூடேறியதும் 3 பாருக்கு எகிறும். அப்போது காப்பு வால்வு திறந்து நீரை வெளியே உமிழும். வீடு வெடிக்காமற் காப்பது அதுவே. அதனைக் குறை கூறலாகாது. ஆனால் இரவு தொகுதி குளிர்ந்ததும் உமிழ்ந்த நீரின் அளவுக்கு அமுக்கம் வீழ்ந்திருக்கும். காலையில் மருமகன் புதுநீர் விடுவார். மாலையில் அது வெளியே வடியும்.

அந்த நாளாந்த 2 லீற்றர் என்ன செய்யும் என்று அன்றிரவு ஒரு தாளிற் கணக்கிட்டுப் பார்த்தேன். குளிர்காலம் 200 நாள் என்று கொண்டால் 400 லீற்றர். அதில் வரும் ஒட்சிசன் 4 கிராமே. ஏறத்தாழ 14 கிராம் மக்னரைற்று. இது மட்டுமானாற் பெரிதன்று. ஆனால் இலண்டன் நீர், நம் யாழ்ப்பாணக் கிணற்று நீரைப் போலவே, சுண்ணம் மிகுந்த வன்னீர். கேத்தலின் அடியில் வெள்ளை படியக் கண்டவர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை. லீற்றருக்குக் காற்கிராம் என்று கொண்டாலும் 400 லீற்றர் 100 கிராம் சுண்ணத்தைக் கொணரும்; அது பொய்லரின் மிகச் சூடான இடத்திலே, தீயிலிருந்து நீர் வெப்பத்தைப் பெறும் மெல்லிய வழிகளிலே, படியும். இனி மூன்றாவது கேடு. அத்தொகுதியில் முன்னர் ஊற்றியிருந்த துருத்தடுப்பு மருந்தில் ஒவ்வொரு நாளும் நூற்றில் இரண்டு பங்கு வெளியேறும். ஒரு மாதத்தில் ஏறத்தாழப் பாதி போய்விடும். இரண்டு மாதத்தில் மூன்றிலொரு பங்குகூட மிஞ்சாது. அமுக்கம் பூச்சியத்துக்கு வீழ்ந்த இரவுகளில் மேல்மாடிக் குழாய்கள் வெளிவளியைப் பொருத்துகளின் வழியே உறிஞ்சும். வளியின் வலிமையை முன்னரே கண்டோம். மருந்தற்ற உருக்கு அதற்கு இரையாகும்.

அமுக்கம் குறைவதாக எழுதும் பிள்ளைகளுக்கு இங்கிருந்தே ஒரு சோதனையை எழுதி அனுப்பலாம். வெளிக்குழாயின் வாயில் ஒரு பிளாஸ்ரிக் பையைத் தளர்வாகக் கட்டி ஓரிரவு விடுக. நீர் சேர்ந்திருந்தால் ஒழுக்கின் வழி தெரிந்துவிடும். அக்குழாயை அடைக்க மட்டும் ஒருபோதும் கூடாது. பை உலர்ந்திருந்தால் ரேடியேற்றர் வால்வுகளின் கீழே பச்சைக் கறையோ வெள்ளைக் கறையோ உண்டா எனத் தேடுக. நீர் நிரப்பும் இணைப்புக் குழாயை நிரப்பிய பின்னர் கழற்றி வைப்பது அந்நாட்டு விதி. அது பூட்டியபடியே இருந்து, அதன் வால்வும் சிறிது கசிந்தால், ஒழுக்கு இருப்பதே வீட்டாருக்குத் தெரியாமற் புதுநீர் இரவும் பகலும் நுழையும்.

மருமகன் வீட்டிற் செய்த வேலை இரண்டு கட்டமாக நடந்தது. முதலிற் சேற்றைத் தளர்த்தும் கழுவுமருந்தை ஊற்றி ஒரு வாரம் சுற்றவிட்டனர். பின்னர் தொகுதியை வடித்து, தமக்கையார் அறை ரேடியேற்றரைக் கழற்றி, முற்றத்திற் கிடத்தி நீர்ப்பாய்ச்சிக் கழுவினர். அதனைத் தூக்க இருவர் வேண்டியிருந்தது; உள்ளிருந்து வந்த கருமை அயலவரின் வேலி வரை ஓடியது. விரிவுக் கலத்துக்கு வாயு ஏற்றி, மணல் கடித்திருந்த காப்பு வால்வையும் மாற்றினர். பொய்லரைத் திறக்கும் இவ்வேலையை அங்கே எரிவாயுப் பதிவு பெற்றவரே செய்தல் வேண்டும். துணிந்த மருமகன்மார் கைவைத்தல் ஆகாது. பொய்லருக்கு நீர் மீளும் குழாயில் ஒரு காந்த வடியைப் பொருத்தினர். சிறு பானை போன்ற அதன் நடுவே உள்ள காந்தம், சுற்றி வரும் கருந்துகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கழுவிய நீர் தெளிவாக வரும்வரை அலசிய பின்னரே துருத்தடுப்பு மருந்தை ஊற்றினர்.

இம்மருந்து உலோகத்தின்மேல் மிக மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்குவது. உருக்கு, செப்பு, அலுமினியம் மூன்றும் ஒரே நீரில் வாழும் வீடுகளில் இதன் தேவை மிக அதிகம். வேறுபட்ட உலோகங்கள் தொடுப்புற்றால் ஒன்றை மற்றொன்று அரிக்கத் தூண்டும் என்பதை மின்கலம் பற்றிய பாடத்தில் மாணவர் கற்றிருப்பர். 100 லீற்றருக்கு ஒரு லீற்றர் என்பது பலவற்றின் அளவு. செறிந்த வகைகளில் அரை லீற்றரே போதும். போத்தலில் எழுதியிருப்பதே சட்டம். வெப்பமாற்றி அலுமினியமாயின் மருந்து அதற்கும் ஏற்றதா எனப் பார்த்து வாங்குதல் வேண்டும். காரத்தன்மை மிக ஏறினால் அலுமினியம் கரையத் தொடங்கும். ஊற்றுவதோ வீட்டாரே செய்யக்கூடிய எளிய காரியம்.

பிரித்தானியத் தர நிறுவனத்தின் பி.எஸ். 7593 என்னும் நெறிக்கோவை, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திலே, வடி பொருத்துவதையும், ஆண்டுதோறும் மருந்தின் அளவைச் சோதிப்பதையும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை மீள ஊற்றுவதை அல்லது நீரை முழுமையாகப் பரிசோதிப்பிப்பதையும் விதித்துள்ளது. வடியின் காந்தத்தை ஆண்டுக்கு ஒருமுறை துடைக்காவிட்டால் அது வெறும் அலங்காரமே. துடைக்கும்போது சிறிது நீரும் மருந்தும் போகும். அந்தக் குறையையும் நிரப்புதல் வேண்டும்.

பழைய வீடுகள் சிலவற்றில் இத்தொகுதி மூடியதாக இராது. கூரையின் கீழே ஒரு சிறு தொட்டி இருக்கும். அதற்கு மூடி உண்டா என்றும், மேலே வளைந்து நிற்கும் குழாய் சுடுநீரைத் தொட்டியினுள் கக்குகின்றதா என்றும் ஏறிப் பார்த்தல் வேண்டும். கக்கினால் ஒவ்வொரு சுற்றிலும் நீர் வளியைக் குடித்து வருகின்றது என்பது பொருள். அவ்வீட்டின் நீர் கறுப்பாக இராது, செங்கபிலமாக இருக்கும். கருமை ஒட்சிசனின் வறுமையைக் காட்டும். செம்மை அதன் செழிப்பைக் காட்டும்.

நம் நாட்டிலும் மோட்டார் வண்டியின் ரேடியேற்றருக்குக் கிணற்று நீரை வாளியால் ஊற்றும் சாரதிகள் உளர். எஞ்சினைச் சுற்றியோடும் நீரும் இத்தகையதே. உரிய குளிர்திரவத்திலும் துருத்தடுப்பு மருந்து கலந்தே விற்கப்படுகின்றது. அவர்களுக்கும் இக்கட்டுரையை வாசித்துக் காட்டலாம்.

ஊர் திரும்புமுன் மருமகனிடம் ஒன்றே கேட்டுக்கொண்டேன்: குழாயைத் திறக்குமுன் திகதியையும் முள்ளின் இலக்கத்தையும் ஒரு தாளில் எழுதுக என்று. அத்தாளைப் பொய்லர்ப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கின்றார். தைப்பொங்கலுக்கு முன்னர் 1.3, மாசி நடுவில் 1.3, பங்குனித் தொடக்கத்தில் 1.2. நிரப்பியது ஒருமுறையும் இல்லை. கடிதத்தின் ஓரத்திலே தமக்கையாரும் இரண்டு வரி எழுதியிருந்தார்: “அறை வெக்கையாய்க் கிடக்குது. இரவிலை இதைக் குறைக்கச் சொல்லித் தம்பி நீதான் இவனுக்கு எழுது.”